யோசிக்க எதற்கு விளக்கு

நான் முதன்முதலாகக் கணனியைத் தொட்டது 1992 ஆனி மாதம், ஒரு வியாழக்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு. அது 1991 என்று அக்கா இன்றைக்கும் சாதிக்கிறாள். அவளிடம் இருப்பது ஞாபகம். என்னிடம் இருப்பது நாட்குறிப்பு. அந்த நாளுக்குரிய பக்கத்தின் முதல் வரியில் இரண்டே சொற்கள்: "நூர்த்தேன். போச்சுது."

என்னத்தை நூர்த்தேன், அதாவது அணைத்தேன், என்ன போச்சுது என்பதைச் சொல்வதற்கு மூன்று வருடம் பின்னால் போகவேண்டும்.

1989இல் நெல்லியடியில் ரியூட்டரி என்ற ஒரு தனியார் வகுப்பு நிலையத்தில் கணனி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நாங்கள் ஐந்து பேர் பார்க்கப் போனோம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், மஞ்சள் துணி போர்த்து, சாமிப்படம் மாதிரி வைத்திருந்தார்கள். ஒருவர் வந்து துணியை விலக்கி, எதையோ தட்டினார். கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் எங்கள் ஐந்து பேரின் பெயரும் அகரவரிசையில் வந்தன. பிறகு துணி மூடப்பட்டது. மொத்தம் பத்து நிமிடம். மற்றவர்கள் சர்பத் குடிக்கப் போனார்கள். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். அந்தப் பெட்டிக்கு யார், எப்படி, என்ன பாஷையில் அகரவரிசை சொல்லிக்கொடுத்தார்கள் என்பதுதான் வழி முழுக்க யோசனை.

அடுத்த வருட நடுப்பகுதியில் சண்டை மறுபடி மூண்டதோடு மின்சாரம் நின்றது. ரியூட்டரிக் கணனி எங்கே போனதென்று தெரியாது. சோதனையில் எனக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சப் புள்ளிகள் காணாமல் போயின. பற்றறி இல்லை, பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெய் பங்கீட்டில். இப்படிப்பட்ட காலத்தில்தான் எனக்கு அந்தப் புத்தகம் கிடைத்தது.

கரவெட்டியில் எங்கள் ஒழுங்கை முடிவில் ஒரு வாசிகசாலை இருந்தது. தமிழ்ப் புத்தக அலுமாரியை நான் ஏற்கெனவே இரண்டு சுற்று முடித்திருந்தபடியால், 1991 சித்திரையில் ஒருவரும் திறக்காத ஆங்கில அலுமாரியைத் திறந்தேன். மாட்டு வைத்தியம், கப்பல் கட்டுதல், ஒரு பழைய பஞ்சாங்கம் ஆகியவற்றுக்கு நடுவில், ஆரம்பநிலையாளர்களுக்குக் கணனி மொழி கற்பிக்கும் புத்தகம் ஒன்று இருந்தது. பொருளடக்கத்தில் பன்னிரண்டு அத்தியாயம். புத்தகத்தில் எட்டு. மிச்சம் நாலையும் கறையான் வாசித்து முடித்திருந்தது.

எட்டுக் காணும், அது போதும் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்குத்தான் பிறகு பதில் சொல்லவேண்டி வந்தது.

புத்தகத்தின் பதினோராம் பக்கத்தில் விசைப்பலகையின் படம் இருந்தது. சவர்க்காரப் பெட்டி மட்டை ஒன்றைத் தட்டையாக்கி, அந்தப் படத்தை அளவு பெருக்கி வரைந்தேன். ஒவ்வொரு வரியின் முடிவிலும் அழுத்தவேண்டிய விசை முக்கியமானதாம். அதற்கு அக்காவின் நகப்பூச்சால் சிவப்பு அடித்தேன். அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். அந்தப் போத்தல் அவளுடைய கடைசிப் போத்தல். எனவே முதல் பாடமே சண்டையில்தான் தொடங்கியது.

"எடி, உந்த மட்டையைத் தட்டித் தட்டி என்னத்தைக் காணப்போறாய்?"

"பழகிறன்."

"நான் குசினிச் சுவரிலை ஒரு கார் கீறிவிடுறன். நீ அதிலை ஏறிப் போய்ச் சங்கக்கடையிலை சீனி வாங்கிக்கொண்டு வா, பாப்பம்."

மட்டையில் தட்டினால் விரல் பழகும். ஆனால் விடை வராது. விடை காண எனக்கு ஒரு கணனி தேவைப்பட்டது. நகப்பூச்சுக் கோபம் ஆறிய ஒரு பின்னேரம், அக்காவையே கணனி ஆக்கினேன். கையில் ஒரு கிண்ணம் புளியங்கொட்டை, முன்னால் நாலைந்து சிரட்டை. ஒவ்வொரு சிரட்டைக்கும் ஒரு பெயர். பத்து, இருபது, முப்பது என்று பத்துப் பத்தாக இலக்கமிட்டு நான் கொப்பியில் எழுதிய கட்டளைகளை வரிசைப்படி வாசிப்பேன். அக்கா அதைச் செய்யவேண்டும். "முதலாம் சிரட்டையில் இருப்பதை இரண்டாம் சிரட்டையோடு கூட்டு" என்றால் எண்ணிப் போடுவாள். "முப்பதாம் வரிக்குத் திரும்பு" என்றால் முப்பதாம் வரி.

கணனிக்குரிய மிகப்பெரிய தகுதி அக்காவிடம் இருந்தது. நான் என்ன நினைத்தேன் என்பதைப் பற்றி அவள் ஒருபோதும் கவலைப்பட்டதில்லை. சொன்னதை மட்டுமே செய்வாள். நான் பிழையாகச் சொன்னால் பிழையாகவே செய்து, பிறகு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். ஒருமுறை நான் எழுதியதில் ஐம்பதாம் வரி நாற்பதுக்கு அனுப்ப, நாற்பது மறுபடி ஐம்பதுக்கு அனுப்ப, அக்கா ஒரே கொட்டையைப் பதினேழு தரம் அங்கேயும் இங்கேயும் தூக்கி வைத்தாள். நான் எண்ணி எழுதிவைத்திருக்கிறேன்.

"எடி, இது முடியாதோ?"

"முடியாது போலத்தான் கிடக்கு."

"அப்ப கொம்பியூட்டருக்குத் தேத்தண்ணி ஊத்து."

இந்தப் பாடங்களுக்கு ஒரு பெரிய தடை, வெளிச்சம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், மூடியில் துளையிட்டுச் செருகிய திரி, இதுதான் அப்போது வீட்டுக்கு வீடு விளக்கு. எங்கள் வீட்டில் அம்மாவின் சட்டம் ஒன்று இருந்தது. வெளிச்சம் வாசிக்கவும் எழுதவும் மட்டும்தான். கதைப்பதென்றால் விளக்கை ஊதிவிட்டுக் கதைக்கவேண்டும். நான் பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு முகட்டைப் பார்த்தால் போதும், குசினியிலிருந்து குரல் வரும்.

"என்ன செய்யிறாய்?"

"யோசிக்கிறன் அம்மா."

"யோசிக்க என்னத்துக்கு விளக்கு? ஊதிப்போட்டு யோசி. வந்தாப் பேந்து கொளுத்து."

றேடியோவுக்கும் இதே சட்டம்தான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றினால் டைனமோவில் றேடியோ பாடும். விளம்பரம் வந்தால் சுற்றுவதை நிறுத்திவிடுவோம். உபயோகம் இல்லாத நேரத்தில் ஒன்றை ஓடவிடுவது அந்த நாட்களில் எங்களுக்குச் சோற்றைக் கொட்டுவது மாதிரி. ஒரு வருடத்தில் எனக்கு அது கையிலேயே ஊறிவிட்டது. யோசனை வந்தால் கை தானாக விளக்கை நோக்கிப் போகும்.

1992 வைகாசியில் பேப்பரில் அந்த விளம்பரம் வந்தது. அச்சுத்தாள் இல்லாமல் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் பேப்பர் அடித்த காலம். நீலக் கோடுகளுக்கு மேல் எழுத்துகள்: மானிப்பாய்ப் பக்கம் உள்ள ஒரு நிவாரண அலுவலகத்துக்குக் கணனி இயக்கத் தெரிந்த ஒருவர் தேவை. நான் அதை வெட்டி நாட்குறிப்பில் ஒட்டினேன். இன்னும் இருக்கிறது.

அந்த வேலை எனக்கு ஏன் அவ்வளவு வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் இருந்த மாமாவுக்கு அம்மா கடிதம் எழுதியிருந்தார். ஆவணிக்குள் எனக்கு இங்கே ஒரு வழி பிறக்காவிட்டால் கொழும்புக்குப் போய், அங்கிருந்து மாமாவிடம் போகவேண்டும். மாமா நல்லவர். ஆனால் என்னை ஒரு உணவகத்தின் பாத்திரத் தொட்டிக்கு முன்னால் நிறுத்துவதாகத்தான் பதில் எழுதியிருந்தார், அதுவும் சந்தோசமாக. கணனி எங்கே இருந்ததோ அங்கே இருக்க நான் விரும்பினேன். வட மாகாணம் முழுவதிலும் நான் அறிந்து அது ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது.

விண்ணப்பத்தில் உண்மையை எழுதினேன்: தானாகப் படித்தது, எட்டு அத்தியாயம், இதுவரை தொட்டதில்லை.

"தொட்டதில்லை எண்டு எழுதுவினமே, விசரி?" என்றாள் அக்கா.

"கேட்டா என்ன சொல்லுறது?"

"கேக்கட்டும், பேந்து பாப்பம்."

ஆனால் அழைப்பு வந்தது. கணனி தெரிந்தவர்கள் எல்லோரும் கொழும்புக்குப் போய்விட்டபடியால் வேறு ஒருவருமே விண்ணப்பிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு நானும் அக்காவும் ஆளுக்கொரு சைக்கிளில் புறப்பட்டோம். தனியாக அனுப்ப அம்மா சம்மதிக்கவில்லை. மரமே இல்லாத வல்லை வெளியில் எதிர்க்காற்று. மிதிக்க மிதிக்க சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கிறது போல இருந்தது.

"மட்டையைக் கொண்டுவந்தனியோ?" என்று அக்கா காற்றுக்கு மேலால் கத்தினாள்.

"ஏன்?"

"அங்கை உள்ளது பழுதெண்டா உந்த மட்டையைக் குடுக்கலாம்!"

கோப்பாய் தாண்டி, சுற்றி, மானிப்பாய்க்குப் போய்ச் சேர ஒன்பது மணி. அலுவலகம் என்பது ஒரு வாடகை வீடு. முற்றத்தில் மாமரம், அதன் கீழ் ஜெனரேற்றர். அதற்குப் பொறுப்பான அண்ணை ஒருவர் மருந்துப் போத்தலில் இருந்து நாலு துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, அது பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். ஒன்பது முதல் பதினொன்று வரைதான் அது ஓடும். அக்காவை அவருக்குப் பக்கத்தில் இருந்த நீட்டு மர வாங்கில் இருத்திவிட்டு நான் உள்ளே போனேன்.

உள்ளே இருந்த அதிகாரி ஐம்பது வயதுக்காரர், மெலிந்தவர், மூக்குக் கண்ணாடியை நூலால் கட்டியிருந்தார். எல்லோரும் அவரைச் சேர் என்றார்கள். நானும் சேர் என்றேன்.

"தொட்டதில்லை எண்டு எழுதியிருக்கிறீர்."

"ஓம் சேர்."

"இதுதான் ஆள். தொட்டுப் பாரும்."

தொட்டேன். விசை கீழே இறங்கியது! என் மட்டையில் எதுவும் இறங்குவதில்லை. பயத்தில் விரலை எடுக்க மறந்துவிட்டேன். திரை முழுக்க ஒரே எழுத்து ஓடியது. சேர் மேசைமணிக்கூட்டைத் திருப்பி வைத்துவிட்டு, நாற்பது நிமிடம் தந்தார். கணக்கு இதுதான்: இடம்பெயர்ந்த குடும்பங்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று கணனி கேட்கவேண்டும். ஆளுக்கு இரண்டு கிலோ அரிசி. கடைசியில் மொத்தம் எவ்வளவு அரிசி என்று சொல்லவேண்டும்.

நான் வழமைப்படி கொப்பியை எடுத்தேன்.

"எழுதாதையும் பிள்ளை, ரைப் பண்ணும். ஓடுறது மண்ணெண்ணெய்."

அந்தச் சொல்லை அவர் சொல்லியிருக்கக்கூடாது. கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ரைப் பண்ணினேன். பத்தாம் வரி தலைப்பு. இருபது, மொத்தத்தைச் சைபர் ஆக்கு. முப்பது, எத்தனை பேர் என்று கேள். மட்டையில் பழகிய விரல்கள் எழுத்து இருக்கும் இடத்துக்குச் சரியாகவே போயின. சிவப்பு நகப்பூச்சு மட்டும்தான் இல்லை. நாற்பதை எதற்கும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, ஐம்பதாம் வரி, ஆட்களை இரண்டால் பெருக்கி மொத்தத்தோடு கூட்டு. எனக்கே ஆச்சரியம். நான் கணனியில் வேலை செய்துகொண்டிருந்தேன்!

பிறகு ஒரு சந்தேகம். குடும்பங்கள் முடிந்துவிட்டன என்பதைக் கணனி எப்படி அறியும்?

யோசிக்கவேண்டியிருந்தது. வெளியே ஜெனரேற்றர் மண்ணெண்ணெயை விழுங்கிக்கொண்டு நின்றது. என் கை போனது. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு பெரிய சுவிச் இருந்தது. அதை நூர்த்துவிட்டு, கதிரையில் சாய்ந்து, முகட்டைப் பார்த்தேன்.

"பிள்ளை." சேரின் குரல் மிக மெதுவாக வந்தது. "என்ன செய்தனீர்?"

"யோசிக்கிறன் சேர்."

"அதுக்கு ஏன் நூத்தனீர்?"

"யோசிக்கிற நேரம் எண்ணெய் வீணாப் போகும் எல்லே சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றி, நூலை அவிழ்த்து, மறுபடி கட்டினார். "சரி. இப்ப போடும், பாப்பம்."

போட்டேன். பெட்டி முனகி, எண்ணி, ஒரு நிமிடத்துக்குப் பிறகு வெறும் திரையைக் காட்டியது. என் நாலு வரியும் இல்லை. கணனிக்கு ஞாபகசக்தி உண்டு என்று புத்தகம் முதல் அத்தியாயத்திலேயே சொல்லியிருந்தது. கொப்பியை மூடினால் எழுத்து போவதில்லை. கணனிக்கும் அப்படித்தான் என்று நம்பியிருந்தேன். எழுதியதை டிஸ்க் என்ற தட்டில் பத்திரப்படுத்தாவிட்டால் சுவிச்சோடு எல்லாம் போய்விடும் என்பது ஒன்பதாம் அத்தியாயம். பொருளடக்கத்தில் தலைப்பைப் பார்த்திருக்கிறேன். உள்ளடக்கம் கறையானுக்குத்தான் தெரியும்.

பாத்திரத் தொட்டி கண்ணுக்கு முன்னால் வந்தது.

"இன்னும் பதினெட்டு நிமிசம் கிடக்கு" என்றார் சேர், மணிக்கூட்டைப் பார்த்து.

ஆனால் திரையை இருட்டாக்கி யோசித்தது வீண்போகவில்லை. விடை வந்திருந்தது: ஆட்கள் சைபர் என்று சொன்னால் பட்டியல் முடிந்தது. ஒரு குடும்பத்தில் சைபர் பேர் இருக்க ஏலாது தானே. இந்த முறை சேர் சொன்னதைக் கேட்காமல் ஏழு வரியையும் முதலில் கொப்பியில் எழுதினேன். பிறகு தட்டினேன். நாற்பது, சைபர் என்றால் எழுபதுக்குப் போ. அறுபது, திரும்பிப் போய் அடுத்த குடும்பத்தைக் கேள். எழுபது, மொத்தத்தைக் காட்டு. ஓட்டு என்ற கட்டளையின் முதல் எழுத்தில் விரலை வைத்தேன்.

வெளியே ஜெனரேற்றர் ஒரு தரம் இருமியது. இரண்டு தரம் இருமியது. திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி, அதுவும் மறைந்தது.

"இந்த முறை நான் இல்லைச் சேர்!" என்று எழுந்துவிட்டேன்.

"எண்ணெய்க்குள்ளை தண்ணி!" என்று முற்றத்திலிருந்து அண்ணை கத்தினார். "இண்டைக்கு இனி ஓடாது, சேர்!"

சேர் தலையில் கைவைத்தார். பிறகு என் கொப்பியைத் தன் பக்கம் திருப்பினார். "இது ஓடியிருந்தா என்ன வந்திருக்கும்?"

"ஓட்டிக் காட்டுறன், சேர். வெளியாலை எங்கடை அக்கா இருக்கிறா. அவவைக் கூப்பிடவோ?"

"அக்கா என்னத்துக்கு?"

"அவதான் சேர் கொம்பியூட்டர்."

அக்கா மாம்பிஞ்சு ஒன்றைக் கடித்தபடி உள்ளே வந்தாள். புளியங்கொட்டைக்குப் பதிலாக மேசையில் இருந்த கடதாசிக் கிளிப் பெட்டி. சிரட்டைக்குப் பதிலாக இரண்டு தேநீர்க் கோப்பை: ஒன்று ஆட்கள், ஒன்று மொத்தம். சேர் குடும்பங்களைச் சொன்னார். நான் வரிகளை வாசித்தேன். முதலாவது குடும்பம் நாலு பேர். அக்கா எட்டுக் கிளிப்பை மொத்தக் கோப்பையில் எண்ணிப் போட்டாள். "அறுபது, இருபதாம் வரிக்குத் திரும்பு" என்று வாசித்தேன். அக்கா கொப்பியை எட்டிப் பார்த்தாள். இருபதாம் வரிப்படி, கோப்பையைக் கவிழ்த்து எட்டுக் கிளிப்பையும் பெட்டிக்குள் கொட்டினாள்.

நான் வாசிப்பதை நிறுத்தினேன்.

"ஏன் நிப்பாட்டினனி? வாசி." அவள் முகத்தில் ஒரு சிரிப்புத் தொடங்கியிருந்தது.

ஆறு பேர், பன்னிரண்டு கிளிப், கவிழ்த்தாள். மூன்று பேர், ஆறு கிளிப், கவிழ்த்தாள். சைபர். எழுபது, மொத்தத்தைக் காட்டு. அக்கா வெறும் கோப்பையைத் தூக்கி, சேரின் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"சைபர் கிலோ, சேர். எல்லாரும் பட்டினி."

சேர் கோப்பைக்குள் பார்த்தார். நான் கொப்பியைப் பார்த்தேன். ஜெனரேற்றர் நிற்காமல் இருந்திருந்தால் அந்தச் சைபர் பச்சை எழுத்தில் திரையில் வந்து நின்றிருக்கும். என் கதையும் அதோடு முடிந்திருக்கும்.

"பிழை என்ரை, சேர்" என்றேன். "இருபதுக்கு இல்லை, முப்பதுக்குத் திரும்பவேணும். ஒவ்வொரு முறையும் மொத்தத்தை அழிக்கச் சொல்லிப்போட்டன்." இரண்டை வெட்டி மூன்று போட்டேன். அக்கா மறுபடி ஓடினாள். எட்டு, இருபது, இருபத்தாறு. சேர் தன் மேசைக் கணக்குப்பொறியில் தட்டிப் பார்த்தார். அது சூரிய வெளிச்சத்தில் வேலை செய்வது. யன்னல் பக்கம் பிடிக்கவேண்டியிருந்தது. இருபத்தாறு.

அவர் பொறியை மேசையில் வைத்தார். பிறகு தனக்கே சொல்வதுபோலச் சொன்னார்.

"முந்தி இருந்தவர் கெட்டிக்காரர். எல்லாத்தையும் நேரா ரைப் பண்ணுவார். பிழையைத் திரையிலைதான் தேடுவார். தேடி முடிக்க முந்தி அவன்," கண்ணாடியால் மாமரத்தடி ஜெனரேற்றரைக் காட்டினார், "நிண்டுபோவான். இஞ்சை ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலம்தான் கரண்ட். மிச்ச நேரம் முழுக்கப் பேப்பரிலைதான் வேலை. அது உமக்கு ஏலும் போல கிடக்கு." என்னைப் பார்த்தார். "திங்கட்கிழமை வாரும். ஒரு மாதம் பாப்பம்."

"அப்ப எனக்குச் சேர்?" என்றாள் அக்கா.

"நீர் சொன்னதை மட்டும் செய்யிற ஆள். இந்தக் கந்தோரிலை அப்பிடி ஒருத்தரும் இல்லை. ஆனா இடமும் இல்லை, பிள்ளை."

திரும்பி வரும்போது வல்லை வெளியில் காற்று எங்கள் பின்னால் இருந்தது. தான்தான் வேலை எடுத்துத் தந்தது என்று அக்கா கரவெட்டி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். புதிய நகப்பூச்சுப் போத்தல் ஒன்று தரவேண்டும் என்றும் சொன்னாள். அந்தக் காலத்தில் அது கணனியைவிட அருமையான பொருள் என்பதால் சம்மதித்துவிட்டேன். அம்மா மாமாவுக்கு வேறு கடிதம் எழுதினார்.

மானிப்பாயில் ஒரு தூரத்து உறவினர் வீட்டில் தங்க ஒழுங்கு செய்துகொண்டு, திங்கட்கிழமை எட்டரை மணிக்கே அலுவலகத்துக்குப் போய்விட்டேன். சேர் இன்னும் வந்திருக்கவில்லை. கணனிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். சுவிச்சின் மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரர் குறுக்கும் நெடுக்குமாக, நாலு பட்டை, இறுக்கி ஒட்டப்பட்டிருந்தது.

ஜெனரேற்றர் அண்ணை யன்னலால் தலையை நீட்டினார்.

"பிள்ளை, சேர் சொல்லச் சொன்னவர். யோசிக்கிறதெண்டா மாமரத்துக்குக் கீழை வந்து யோசிக்கட்டாம். வாங்கு துடைச்சு விட்டிருக்கிறன்."